அண்ணன் கொண்டுவந்த வடை

ஆஸ்பத்திரியில் இருபத்துநான்கு நாள் கிடந்தேன். அதில் முதல் இரண்டு கிழமை, பதினான்கு நாளும் என்னிடம் இல்லை. அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் மனைவி ரஞ்சி சொன்னதும், மகள் ஆரணி தன் போனில் குறித்து வைத்ததும்தான். அடுத்தவர் வாயால் கேட்டதைக் கண்ணால் கண்டதுபோல எழுத எனக்கு விருப்பமில்லை. ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுத வேண்டிய தேவை எப்படி வந்தது என்றால், வெள்ளவத்தையில் காலி வீதியால் நடந்து போக முடியவில்லை. காண்கிறவர்கள் எல்லோரும் வழிமறித்து முகத்தை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, "என்னைத் தெரியுதோ?" என்று கேட்கிறார்கள். தெரிகிறது. சிலரைத் தெரியாமல் போயிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்ல இந்த உடம்பில் வலு இல்லை, எனவே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் தயாபரன். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக வேலை. எந்த வேனுக்கு எந்தப் பேரிங், அதன் இலக்கம் என்ன, எந்த ராக்கையில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பாடம். கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கி ஆறு வருடமாகிறது. இன்னும் பொடியன்கள் அதைப் பார்க்காமல் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எனக்கு ஒரே ஒரு அண்ணன், பாலன். கல்யாணம் செய்யாதவர். கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துத் தனியே இருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் நோயில் விழுவதற்கு இரண்டரை மாதம் முன்பு அவர் மாரடைப்பில் இறந்துபோனார். கனத்தை மயானத்தில் நான்தான் கொள்ளி வைத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குத் தலையை மொட்டையடித்து மீசையும் மழித்தேன், அதன் பிறகு மீசை வைக்கவே இல்லை. இதை இப்போதே உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை நடந்த நாட்களில் இதைத் தெரியாமல் இருந்த ஒரே ஆள் நான்தான்.

நோய் தொடங்கியது ஒரு மணத்துடன். கடையில் நின்றபோது ரப்பர் கருகுகிற மணம் வந்தது. எங்கேயோ வயர் எரிகிறது என்று எல்லோரையும் கிளப்பித் தேட வைத்தேன். ஒன்றும் எரியவில்லை, மணம் எனக்கு மட்டும்தான் வந்தது. அன்று பின்னேரம் ஒரு வாடிக்கையாளருக்குப் பிழையான பேரிங்கை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும்போது நல்ல காய்ச்சல். இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்து, "சாப்பாட்டைப் போடுமன், பசிக்குது" என்றேனாம். ரஞ்சி பகிடி என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள். மூன்றாம் முறையும் கேட்டபோது அவள் ஆரணியைச் சத்தமாகக் கூப்பிட்டாளாம். அடுத்த நாள் காலை குசினி வாசலில் வலிப்பு வந்து விழுந்தேன்.

பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, இது மூளை சம்பந்தமான வருத்தம், பெரியாஸ்பத்திரிதான் சரி என்று அனுப்பினார்கள். அங்கே முதலில் செய்தது முதுகில் ஊசி போட்டு, மூளையையும் முள்ளந்தண்டையும் சுற்றி இருக்கிற நீரில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தது. கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் செய்யாமல் விட முடியாத சோதனை. வெளியே வாங்குப் பலகையில் இருந்த ரஞ்சி என் சத்தத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டாளாம். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிவில் மூளையழற்சி என்றார்கள். உதட்டில் காய்ச்சல் கொப்புளம் போடுகிற அதே வைரசு, ஏனென்று தெரியாமல் சிலருக்கு மட்டும் மூளைக்குள் போய்விடுமாம். அதற்கு மருந்து இருக்கிறது. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மூன்று கிழமைக்கு, நரம்பு வழியாக ஏற்ற வேண்டும்.

அந்த வைரசு போய்த் தாக்குகிற இடம்தான் பிரச்சினை. இரண்டு பக்கமும் காதுக்கு நேர் உள்ளே, கடற்குதிரை மாதிரி வளைந்த ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதை ஹிப்போகாம்பஸ் என்கிறார்கள். இன்று காண்பது, கேட்பது எல்லாம் முதலில் அதன் வழியாகத்தான் பதிகிறது. பிறகு பல மாதங்களாக, முக்கியமாக நாம் நித்திரை கொள்ளும்போது, மூளையின் மற்றப் பகுதிகளில் மெல்ல மெல்ல ஊன்றுகிறது. எனக்கு அந்தக் கடற்குதிரை இரண்டும் வீங்கிவிட்டன. எங்கள் கடையில் ஒருமுறை வெள்ளம் வந்தபோது, புதிதாக வந்து கீழே நிலத்தில் இறக்கி வைத்த பெட்டிகள் எல்லாம் பழுதாகின, மேல் ராக்கையில் ஏற்றிய பழைய சாமானுக்கு ஒன்றும் நடக்கவில்லை. என் தலைக்குள்ளும் அதுவேதான் நடந்தது. கடைசி நாலைந்து மாதம் அழிந்துபோனது, அண்ணனின் மரணமும் அதற்குள் போனது. அதற்கு முந்தியது எல்லாம் அப்படியே இருந்தது. புதிதாக எதுவும் தங்கவில்லை.

இது தற்காலிகமா நிரந்தரமா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. வீக்கம் வற்ற வற்றச் சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றார்கள். வராவிட்டால் நான் ஆயுள் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை புதிதாக முழிக்கிற ஆள். கடை இல்லை, தனியே பஸ் ஏற முடியாது, அடுப்பைப் பற்றவைத்தால் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். இன்று நடந்தது நாளை இவரிடம் இருக்குமா? ரஞ்சிக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே கேள்வி அதுதான்.

கண் விழித்த நாளிலிருந்து நான் ஓயாமல் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணை ஏன் இன்னும் வரேல்ல?"

ரஞ்சி முதலில் உண்மையைத்தான் சொன்னாள். அண்ணன் செத்துப்போனார் என்றதும் நான் குழந்தை மாதிரிக் கதறியிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணீர் ஏன் வந்தது என்று தெரியாமல் அவளைப் பார்த்து, "அண்ணை ஏன் இன்னும் வரேல்ல?" என்றேனாம். அன்று ஒரு நாளில் மட்டும் நாலு தரம் எனக்கு அண்ணன் செத்தார். நாலு தரமும் அது எனக்குப் புதுச் செய்தி. நாலாம் தரம் சொல்லிவிட்டு ரஞ்சி வார்ட்டுக்கு வெளியே போய்ச் சுவரோடு சாய்ந்துகொண்டு நின்றாள் என்று ஆரணி குறித்து வைத்திருக்கிறாள்.

சொந்தக்காரர்கள் கூடினார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வருத்தக்காரனுக்கு இழவு சொல்லக்கூடாது. லண்டனில் மகன் செத்ததைத் தாய் எழும்பி நடக்கும்வரை எட்டு மாதம் மறைத்த குடும்பம் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது. ஆகவே ரஞ்சியின் தமக்கை தீர்ப்புச் சொன்னார்: "அவர் சுகமாகி வீட்டை வரட்டும், பிறகு சொல்லுவம். இப்ப அண்ணை வந்திட்டுப் போட்டார் எண்டு சொல்லு."

அன்றிலிருந்து அண்ணன் தினமும் என்னைப் பார்க்க வரத் தொடங்கினார்.

"அண்ணை இப்பதான் வந்திட்டுப் போறார். நீங்கள் நல்ல நித்திரை, எழுப்ப வேண்டாம் எண்டவர்" என்பாள் ரஞ்சி. நான் நம்பாமல் பார்ப்பேனாம். ஆதாரத்துக்காக அவள் ஒரு வடைப் பையை நீட்டினாள். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வெறுங்கையுடன் வந்ததே இல்லை, கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் உளுந்து வடை வாங்கி, எண்ணெய் ஊறிய கடதாசிப் பையுடன்தான் வருவார். இந்த வடை வெள்ளவத்தைக் கடை வடை. நான் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஓம், அண்ணை வந்திருக்கிறார்" என்று சமாதானமாகித் தின்றேனாம். அடுத்த நாளும் வடை வந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் வந்தது.

எங்கள் சனத்திடம் ஒரு விசயத்தை மறைக்கச் சொன்னால் போதும், ஆளுக்கொரு கை கூட வைத்துத்தான் மறைப்பார்கள். ஒருவர் அண்ணனுக்கு முழங்கால் நோ, அதுதான் கன நேரம் நிற்கவில்லை என்றார். இன்னொருவர் இரண்டு பஸ் மாறி வந்தவர் பாவம் என்றார். என் மயிர் ஏன் கட்டையாக இருக்கிறது, மீசை எங்கே என்று நான் கேட்டபோது, ஆஸ்பத்திரியில் வெட்டிவிட்டார்கள் என்றார்கள். ஆரணிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "அப்பாவைப் பேய்க்காட்டுறம், ஏமாத்துறம்" என்று தாயோடு சண்டை பிடித்திருக்கிறாள். ஆனாலும் நான் கேட்டபோது, "ஓம் அப்பா, பெரியப்பா வந்தவர்" என்று அவளும் சொன்னாள்.

இதற்கிடையில் முதலாளி ஹாஜியார் பார்க்க வந்தார். கட்டிலடியில் நின்று கண் கலங்கி, என்ன கதைப்பதென்று தெரியாமல், "தயா, அந்தப் பழைய வேனுக்கு முன் ஹப் பேரிங் எங்க ஈக்கிது?" என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டே இலக்கத்தையும், மூன்றாம் ராக்கை நாலாம் தட்டு என்பதையும் சொன்னேன். அவருக்குச் சரியான சந்தோஷம். வாசல்வரை போனவர் குடையை விட்டுவிட்டோம் என்று திரும்பி வந்தார். "வாங்கோ ஹாஜியார், எப்ப வந்தனீங்கள்?" என்று நான் வரவேற்றேன். அவர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. நான் குறை சொல்லவில்லை, அவருக்குத் தாங்காது.

பதினாறாம் நாளிலிருந்து துண்டு துண்டாக எனக்கே ஞாபகம் இருக்கிறது. பெரிய டொக்டர் ஒரு சிங்கள அம்மா, மூக்குக்கண்ணாடியை எப்போதும் தலையில்தான் போட்டிருப்பார். அவருக்கும் எனக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு இளம் டொக்டர், மட்டக்களப்புப் பொம்பிளைப் பிள்ளை. மாம்பழம், குடை, பூட்டுத் திறப்பு என்று மூன்று சொல் தந்து, வேறு ஏதோ கதைத்துவிட்டு, அந்த மூன்றும் என்ன என்று கேட்டார்கள். மாம்பழம் மட்டும் வந்தது. எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு கடைச் சாமான் இலக்கத்தை எல்லாம் தலையில் சுமந்த மனிசனுக்கு மூன்று சொல் நிற்கவில்லை.

"சரி ஐயா, நேத்து உங்களப் பாக்க ஆர் வந்த?" என்று பிள்ளை கேட்டது.

"அண்ணை வந்தவர்."

"என்ன செஞ்சாரு?"

"உந்தக் கதிரையில இருந்தவர். வடை கொண்டு வந்தவர். கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தபடியா முழங்கால் நோகுது எண்டவர். நீலக் கோடு போட்ட சேட்டு."

இதை நான் பொய்யாகச் சொல்லவில்லை. அண்ணன் கதிரையில் இருந்து முழங்காலைத் தடவியதை என் கண்ணால் கண்டேன், கோர்ட்டுக் கூண்டில் ஏற்றியிருந்தாலும் சத்தியம் செய்திருப்பேன். இரண்டு டொக்டர்மாரும் ஆளை ஆள் பார்த்தார்கள். ஏனென்றால் நான் சேர்ந்த அன்று ரஞ்சியே சொல்லி, அண்ணன் இரண்டரை மாதம் முன் மாரடைப்பில் இறந்தவர் என்பது என் பைலில் எழுதப்பட்டிருந்தது. குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்று அன்றே விசாரித்திருக்கிறார்கள்.

ரஞ்சியைக் கொரிடோருக்குக் கூப்பிட்டார்கள். ஆரணியும் கூடப் போனாள். சொற்கள் நிற்காதது எதிர்பார்த்ததுதான், ஆனால் செத்த ஆள் தினமும் வந்து போகிறார் என்று இவ்வளவு விபரமாகச் சொல்வது நல்ல அறிகுறி இல்லை என்றார் பெரிய டொக்டர். வீக்கம் வேறு பக்கம் பரவுகிறதோ தெரியாது. நாளைக்குத் திரும்ப முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்போம், திரும்ப ஸ்கேன் செய்வோம், இல்லாத காட்சி தெரிவதற்கு ஒரு மருந்தும் தொடங்குவோம், அதில் ஆள் மந்தமாகத்தான் இருப்பார் என்றார்.

மற்ற நேரம் கடைக்காரருடன் நல்லாகச் சிங்களம் கதைக்கிற ரஞ்சி, தமிழில் அழத் தொடங்கினாள்.

"ஐயோ டொக்டர், அது அவற்ற மூளை இல்லை. அது நாங்கள். நாங்கள்தான் அண்ணை வந்தவர் எண்டு ஒவ்வொரு நாளும் சொன்னனாங்கள்."

மட்டக்களப்புப் பிள்ளை அதை மெதுவாகச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பெரிய டொக்டரின் முகம் மாறிக்கொண்டு போனதாம். கடைசியில் அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"வடையும் நீங்களா?"

"ஓம் டொக்டர். வடையும் நான்தான்."

ஏச்சு விழப்போகிறது என்று ரஞ்சி தலையைக் குனிந்துகொண்டாள். டொக்டர் அம்மா அந்த வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். சிரித்தாராம். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பொய் உங்களுடையது, சரி, ஆனால் நேற்றுச் சொன்ன பொய்யை இன்றைக்கு எடுத்துத் தந்தது அவர், போன கிழமை அதுவும் ஏலாமல் இருந்தது என்றார். சேட்டின் நிறத்தை யார் சொன்னது என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது.

அதை இளம் டொக்டர் பிறகு எனக்கு விளக்கியது. ஞாபகம் என்பது எடுத்து வைத்த வீடியோ இல்லை. நினைக்கும் ஒவ்வொரு தரமும் மூளை துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் புதிதாகப் பொருத்துகிறது, துண்டு குறைந்தால் பழைய இருப்பில் இருந்து எடுத்துப் போட்டுவிடும். எது எங்கிருந்து வந்தது என்று அதற்குக் குறிப்பு இருக்காது. நோயில்லாத ஆட்களும் இதைத்தான் செய்கிறார்கள், ஆனால் கொஞ்சமாக. இதை விளங்க எனக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை. பஞ்சிகாவத்தையில் நாலு வாகனத்தின் சாமானைச் சேர்த்து ஒரு எஞ்சினைப் பூட்டி, ஒரிஜினல் என்று விற்கிறவர்களை இருபத்தெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் டொக்டர் அம்மா ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். பத்து நாள் திரும்பத் திரும்பச் சொன்னது, வடையும் தின்னக் கொடுத்துச் சொன்னது, பதிந்தது பெரிய காரியம் இல்லை. ஒரே ஒரு தரம் சொன்ன விசயம் ஒரு இரவு நித்திரைக்குப் பிறகும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசியையும் மருந்தையும் ஒரு நாள் தள்ளிப் போடுகிறேன். உண்மையை இன்றைக்கு ஒரு தரம் சொல்லுங்கள். பிறகு அவராகக் கதைக்கும்வரை ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

அன்று பின்னேரம் ரஞ்சி வந்து கட்டிலில் இருந்தாள். முகத்தைப் பார்த்தவுடனேயே ஏதோ சரியில்லை என்று எனக்கு விளங்கியது.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லோணும். அண்ணை இல்லை. மோசம் போட்டார். மூண்டு மாசமாகுது."

"விசர்க் கதை கதையாதையும். நேற்று வந்தவர்."

"வரேல்ல. நான்தான் பொய் சொன்னனான்."

"அப்ப அந்த வடை?"

"எங்கட சந்திக் கடையில வாங்கினது."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறது என்று சத்தம் போட்டேன். அடுத்த கட்டில்காரர் எழும்பி இருந்து பார்த்தார். பிறகு கேட்டேன்: "ஆர் கொள்ளி வைச்சது?"

"நீங்கள்தான்."

அதுதான் என்னை உடைத்தது. அண்ணன் செத்ததைவிட, நான் அவருக்குச் செய்த கடைசிக் கடமையை நானே தொலைத்துவிட்டேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேனாம். மீசை முளைத்து வருகிற இடத்தைத் தடவிக்கொண்டே அழுது, அழுதபடி நித்திரையாகிவிட்டேன். ரஞ்சி வீட்டுக்குப் போனாள். அன்று வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை என்று ஆரணி குறித்து வைத்திருக்கிறாள்.

அடுத்த நாள் காலையை எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. அது முழுவதும் என்னுடையது. வாளியையும் தும்புத்தடியையும் இழுத்துக்கொண்டு யாரோ வார்ட் கழுவினார்கள், டெட்டோல் மணம் வந்தது. கண் திறக்க முன்னமே நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. ஏன் என்று ஒரு கணம் தேடினேன். தேடிய உடனே கிடைத்தது. அண்ணன் இல்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வர மாட்டார். நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஆறரைக்கு ரஞ்சி பிளாஸ்க்குடன் வந்தாள், பின்னால் ஆரணி. எனக்குச் சோதனை நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ரஞ்சி பஸ்ஸில் சனம் என்றாள், மழை என்றாள், தேங்காய் விலை என்றாள். தேத்தண்ணியை ஊற்றும்போது பாதி மேசையில் சிந்தியது. ஆரணி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். இளம் டொக்டர் பக்கத்துக் கட்டிலில் ஒரு பைலை விரித்து வைத்திருந்தது, ஆனால் ஒரு தாளும் புரளவில்லை.

நான் கோப்பையை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ரஞ்சி, நான் கொள்ளி வைச்சனான் எண்டு நேற்றுச் சொன்னனீர். அண்ணைக்கு என்ன உடுத்திவிட்டனாங்கள்?"

ரஞ்சி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆரணிதான், "பட்டு வேட்டி அப்பா, நீங்கள் பெரியப்பாக்கு அறுபதாம் பிறந்தநாளுக்கெண்டு வாங்கி வைச்சது" என்று சொல்லிவிட்டு, கேவி அழுதுகொண்டே சிரித்தாள். மட்டக்களப்புப் பிள்ளை பைலைப் போட்டுவிட்டுப் பெரிய டொக்டரைக் கூப்பிட ஓடியது. நான் அண்ணனை நினைத்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கல்யாண வீட்டில் நிற்பதுபோல முகம் மலர்ந்து நின்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ர அண்ணை செத்துப்போனார், நீங்கள் என்னத்துக்குச் சிரிக்கிறியள்?" என்றேன்.

ரஞ்சி கட்டிலில் ஏறி என்னோடு ஒட்டி இருந்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழுங்கோ," என்றாள். "நல்லா அழுங்கோ. இவ்வளவு நாளும் நான் தனியத்தான் அழுதனான்."